இடது ஓரக் குழாய்

இடது ஓரச் சோதனைக் குழாயின் விளிம்பு ஈரமாக இருந்தது.

அது ஒரு பெரிய விஷயம் இல்லை. ஆய்வகத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? கழுவும் தொட்டி, சொட்டுவதை நிறுத்தாத தண்ணீர்க் குழாய், அலசிக் கவிழ்த்த கண்ணாடிச் சாமான்கள், ஜன்னலுக்கு வெளியே விடியற்காலையிலிருந்து பிடித்துக்கொண்ட தூறல் என்று எங்கே பார்த்தாலும் ஈரம்தான். ஆனால் அந்தக் குழாயை அவள் கொஞ்ச நேரத்துக்கு முன்தான் உலர்த்தும் பெட்டியிலிருந்து எடுத்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, பிப்பெட்டின் நுனி எங்கும் படாமல் உள்ளே தண்ணீர் விட்டு, தாங்கியின் முதல் ஓட்டையில் நிறுத்தியிருந்தாள். இரண்டாவது ஓட்டையில் அதன் ஜோடி. ஜோடியின் விளிம்பு காய்ந்து கிடந்தது. இதில் மட்டும் சுற்றிலும் ஒரு ஈர வளையம், கொஞ்சம் பிசுபிசுப்பாக, டியூப்லைட் வெளிச்சத்தில் மினுங்கியது.

அவள் டிஷ்யூ தாளால் அதைத் துடைத்தாள். துடைக்கக் கூடாது, கொட்டிவிட்டு வேறு குழாய் எடுக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவளே நடத்தும் முதல் பாடம் அது. ஆனாலும் கை தானாகத் துடைத்துவிட்டது.

இரண்டு குழாயிலும் இருந்தது காய்ச்சி வடித்த வெறும் தண்ணீர். இதற்குப் பெயர் பிளாங்க். கிணற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ வரும் தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய பதினோரு வருட வேலை. தண்ணீரைக் காட்மியத் துகள் அடைத்த கண்ணாடிக் குழல் வழியாக இறக்கினால் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறும். பிறகு ஒரு மருந்து, அடுத்து இன்னொரு மருந்து. பத்து நிமிடத்தில் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அடர்த்தி. நிறத்தைப் படிக்கும் இயந்திரம் அதை எண்ணாகச் சொல்லும். பிளாங்குக்கும் அதே குழல், அதே மருந்து, அதே பத்து நிமிடம். ஆனால் அதில் நிறம் வரக் கூடாது. ஒன்றும் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

இரண்டு குழாயிலும் மருந்துகளை விட்டு, டைமரைத் திருகி வைத்துவிட்டு நோட்டில் தேதி எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை, வேறு யாரும் இல்லை. சுவரோரமாகக் குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் உறுமி அடங்கியது. டைமர் மணி அடித்தபோது நிமிர்ந்து பார்த்தாள். வலது குழாய் கண்ணாடித் தெளிவாக இருந்தது.

இடது குழாய் இளஞ்சிவப்பு.

அதிர்ச்சி வரவில்லை. மூன்று வாரமாக அவளுக்கு எதுவுமே வருவதில்லை. பல் பிடுங்கிக்கொண்டு வந்து கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அப்படி மரத்துக் கிடந்தது எல்லாம். அடக்கத்தன்று உறவுக்காரர்கள் அவளைக் கல்லுளிமங்கி என்று காதுபடவே சொன்னார்கள். செத்தது தம்பியின் மகன். இரட்டைக் குழந்தைகளில் ஐந்து நிமிடம் முந்திப் பிறந்தவன் என்பதால் நான்கு மாதத்திலேயே அவனுக்குப் பெரியவன் என்று பட்டம். பின்னால் வந்தவள் சின்னவள். பெரியவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது உதடு நீலமாக இருந்தது, நகமும் நீலம். இதயத்தில் பிறவிக் கோளாறு இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஊசி குத்திய இடத்தில் கசிந்த ரத்தம் சிவப்பாக இல்லை, பழுப்பாக இருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். இதயம் என்று டாக்டரே சொல்லும்போது இவள் யார் மறுத்துப் பேச?

அவள் யார் என்பதில்தான் சங்கடம். தம்பி வீட்டுக் கிணற்றைச் சுற்றி மூன்று பக்கமும் வயல். தாய்ப்பால் இரண்டு குழந்தைக்குப் போதவில்லை, பெரியவனுக்குப் பவுடர் பால் கொடுக்க வேண்டும், கிணற்றுத் தண்ணீரில் கலக்கலாமா என்று கேட்டு, தம்பி ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். வயலில் போடும் உரம் மண்ணில் இறங்கிக் கிணற்றில் நைட்ரேட்டாக ஊறும். லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராம் வரை பரவாயில்லை. அதைத் தாண்டினாலும் பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பச்சைக் குழந்தையின் ரத்தம் மட்டும் மூச்சைச் சுமக்க மறந்துவிடும். அவள் பார்த்த அன்று முப்பத்தெட்டு வந்தது. "தாராளமா குடுக்கலாம்டா" என்று சொன்னாள்.

இன்று காலை ஏழு மணிக்குத் தம்பி போன் செய்தான். அவன் மனைவிக்குத் துக்கத்தில் பால் வற்றிவிட்டதாம். சின்னவளுக்கும் இனி பவுடர் பால்தான்.

"தண்ணி நல்லாருக்குன்னு நீதானக்கா சொன்ன?"

"இன்னொரு தடவ பாத்துட்டு மத்தியானத்துக்குள்ள சொல்றேன்."

"ஏன்க்கா, சந்தேகமா இருக்கா?"

குடுக்காதே என்ற ஒரு வார்த்தைதான். அது தொண்டைக்குழி வரைக்கும் வந்தது. கூடவே, குடுக்காதே என்றால் ஏன் என்று கேட்பான், ஏன் என்று சொன்னால் அடுத்து என்ன கேட்பான் என்பதும் வந்தது.

"சேச்சே. சும்மாதான்" என்றாள்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மிஞ்சிய தண்ணீர் உறைபெட்டியில் இருந்தது. பாட்டிலின் மேல் தம்பியின் கோழிக் கிறுக்கலில் 'வீட்டுக் கிணறு'. யாருக்கும் தெரியாமல் மறுபடி ஒரு முறை பார்த்துவிட வேண்டும். முப்பத்தெட்டே வந்துவிட்டால் அவள் மறுபடி தூங்கலாம். சின்னவளும் பால் குடித்துவிட்டுத் தூங்கலாம்.

ஆனால் பிளாங்கே சிவந்தால் எதையும் நம்ப முடியாது.

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். குழாய்களை அமிலத்தில் ஊறவைத்தாள். கையுறை மாற்றினாள். புது ஜாடியிலிருந்து புதுத் தண்ணீர். அமிலத்தின் நெடி மூக்கை அரித்தது, வழக்கமான நெடி, அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. குழாய்களை மூன்று தடவை அலசி, உலர்த்தும் பெட்டியில் வைத்து, காய்ந்ததும் எடுத்து, இந்த முறை முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு தண்ணீர் விட்டாள். எச்சிலில் நைட்ரைட் உண்டு. குழாய்க்கு மேலே குனிந்து பேசினாலே போதும், பிளாங்க் வெட்கப்பட்டுவிடும். எதையும் அரைச் சொட்டு கூடாமல் குறையாமல் அளப்பதால் அரைச்சொட்டு என்றே பெயர் வாங்கிவிட்ட சக ஊழியர் அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், இங்கே வாயைத் திறந்தால் வடக்கே ஒரு குளம் கெட்டுப்போகும் என்று.

முதல் ஓட்டையில் ஒரு பிளாங்க். இரண்டாவதில் அதன் ஜோடி. மூன்றாவதில் தம்பியின் கிணறு.

இயந்திரத்தின் விளக்கு சூடேற வேண்டும் என்பதால் அவள் தாங்கிக்கு முதுகைக் காட்டித் திரும்பி அதன் பொத்தானை அமுக்கினாள். தூறல் கொஞ்சம் வலுத்து ஜன்னல் தகட்டில் பொரிந்தது. மோட்டார் உறுமியது, அடங்கியது. அடங்கிய பிறகு, தூறலுக்கு அடியில், சொட்டும் குழாயின் சத்தத்துக்கும் அடியில், வேறொரு சத்தம் இருப்பது தெரிந்தது, சின்னதாக, ஈரமாக, மிகுந்த அக்கறையோடு செய்யப்படும் ஒரு வேலையின் சத்தம். இரண்டு முறை ச்சுப், ச்சுப். பிறகு மூக்கால் ஒரு குட்டி மூச்சு. மறுபடி இரண்டு முறை.

தண்ணீர்க் குழாய்தான் சொட்டுகிறது என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். போய் அதை இறுக்கி மூடினாள். ஒரு துணியைச் சுற்றிக் கட்டினாள். சொட்டு நின்றது.

ச்சுப், ச்சுப். மூச்சு.

அவள் திரும்பவில்லை. இயந்திரத்தின் கறுப்பு மூடியில் அறை மங்கலாகத் தெரிந்தது. மேசை, தாங்கி, நாற்காலி, அவள் தோள். வேறு எதுவும் இல்லை. அமில நெடிக்கு நடுவில் ஒரு வாடை மெல்ல நுழைந்தது. குழந்தை கக்கிய பால் தோள் துணியில் காய்ந்தால் வருமே, அந்தப் புளிப்பு. அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு அவளுக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

சத்தம் நின்றதும் திரும்பினாள்.

இடது குழாயின் விளிம்பு ஈரம். இந்த முறை ஒரு நூல் எச்சில் வெளிப்பக்கம் வழிந்து பாதியில் நின்றிருந்தது. பழகிய கை மருந்தை விட்டது. எல்லாக் குழாயிலும் நிறம் அடியிலிருந்து மேல்வரை ஒரே சீராக வரும். இதில் மேலிருந்து வந்தது. விளிம்பிலிருந்து ஒரு சிவப்பு இழை இறங்கி, நின்று, யோசித்து, மறுபடி இறங்கியது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பி பாட்டில் கொண்டுவந்த அந்த நாள் முழுதாக ஞாபகம் வந்தது.

தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் எல்லோருமாக வந்திருந்தார்கள். சின்னவள் அம்மா தோளில் தூங்கினாள். குழந்தையை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது விதி. அத்தை என்ற உரிமையில் அவள் பெரியவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இதே மேசைக்குக் கொண்டுவந்தாள். தாங்கியில் நாற்பது காலிக் குழாய்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் அவன் ஓரக் குழாயை உருவி வாயில் வைத்துக்கொண்டான். என்ன ருசி கண்டானோ, சப்பு சப்பென்று சப்பினான். அரைச்சொட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், இப்போதே வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அவளும் சிரித்தாள். குழாயைப் பிடுங்கி, டிஷ்யூவால் விளிம்பைத் துடைத்து, எடுத்த ஓட்டையிலேயே திருப்பி வைத்தாள்.

முதல் ஓட்டை. இடது ஓரம்.

அன்று முப்பத்தொன்பது சாம்பிள். நாற்பது ஓட்டையில் பிளாங்குக்கு மிஞ்சியது ஒன்றுதான், ஜோடிக்கு இடமில்லை. வெளியே தாழ்வாரத்தில் குழந்தைகள் அழ ஆரம்பித்திருந்தன, தம்பி மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டான். பிளாங்க் சிவந்து நின்றது. ஜாடித் தண்ணீரில் கோளாறு என்று நினைத்தாள். தண்ணீரில் கோளாறு என்றால் எல்லாக் குழாயிலும் அதே அளவு ஏறியிருக்கும், பிளாங்கின் எண்ணைக் கழித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். நியாயமான யோசனைதான். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். அவள் கழித்தாள்.

பழைய நோட்டை எடுத்துப் புரட்டினாள். அவளுடைய அழகான கையெழுத்தில் இருந்தது. கிணறு, நூற்றுப் பத்து. பிளாங்க், எழுபத்திரண்டு. கழித்தால் முப்பத்தெட்டு.

எழுபத்திரண்டு என்பது அவனுடைய எச்சில். அவன் வாயால் போட்ட எண்ணை அவள் அவனுடைய தண்ணீரிலிருந்து கழித்திருந்தாள்.

மூன்றாவது குழாய் நேரம் ஆவதற்கு முன்பே கறுஞ்சிவப்பாகியிருந்தது. இயந்திரத்தில் வைத்தாள். வலது பிளாங்க் தெளிவாக இருந்தது, நம்பலாம், கழிக்க ஒன்றுமில்லை. நூற்றெட்டு.

இப்போது போன் செய்ய வேண்டும். மணி பன்னிரண்டரை. மத்தியானத்துக்குள் என்று சொல்லியிருந்தாள், இன்னும் நேரம் இருக்கிறது. போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு மேசையில் வைத்தாள். தொட்டிக்குப் போய்க் குழாய் கழுவ ஆரம்பித்தாள். சுத்தமான குழாய்களையும் எடுத்துக் கழுவினாள். என்ன சொல்வது? தண்ணீர் கெட்டது என்றால், அப்போது நல்லதாக இருந்ததே என்பான். அவன் முட்டாள் இல்லை. அவன் மனைவி இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்து எதையும் கேட்காமல் பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்து அவள் இன்னும் நான்கு குழாய் கழுவினாள். முதுகுக்குப் பின்னால் ச்சுப், ச்சுப் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவசரமே இல்லாமல். பசி இல்லாத குழந்தை பழக்கத்துக்குச் சப்புவது மாதிரி.

நேரம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. கடிகாரம் இரண்டு காட்டியபோதுதான் வழி தோன்றியது. பொய் சொல்லலாம். மழைக்காலம், கிணற்றில் மண் கலங்கியிருக்கும், கொஞ்ச நாளைக்குக் கடையில் கேன் தண்ணீர் வாங்கிக்கொள் என்று சொல்லலாம். சின்னவள் பிழைத்துக்கொள்வாள். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். இவ்வளவு சுலபம்! கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கப் போனாள்.

போனே அடித்தது. தம்பி.

"அக்கா, பாத்துட்டியா?"

"இப்பதான். கேளு, கொஞ்ச நாளைக்குக் கடையில தண்ணி வாங்கிக்கோ. மழைக்கு மண்ணு..."

"காலையிலயே ஆரம்பிச்சிட்டோம்க்கா. நீ சும்மாதான்னு சொன்னியா, அதான். மூணு தடவ குடிச்சிட்டா. இவ பயந்துக்கிட்டு ஒவ்வொரு தடவயும் அரை மணி நேரம் கொதிக்க வெச்சா."

கொதித்தால் கிருமி சாகும். இது சாகாது. தண்ணீர் வற்ற வற்ற இது கூடும்.

"இப்ப என்ன பண்றா?" என்று கேட்டாள்.

"தூங்குறா. ரொம்ப நேரமா. எழுப்பினா கண்ணத் திறந்து பாத்துட்டு மறுபடி மூடிக்கிறா." கொஞ்சம் நிறுத்தினான். "நகந்தான் ஒரு மாதிரி இருக்கு. குளிருக்கு அப்படி இருக்கும்ல?"

பின்னால் சத்தம் நின்றது. அறையே காது கொடுத்துக் கேட்பது போல நின்றது.

"தூக்கிட்டு ஓடு" என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை. "ஆஸ்பத்திரிக்கு. இப்பவே. தண்ணிதான். போனதும் தண்ணிதான்னு சொல்லு, நைட்ரேட்டுன்னு சொல்லு, அவங்களுக்குத் தெரியும்."

மறுபக்கம் அவன் எழுந்திருக்கும் சத்தம்.

"தண்ணியா?" என்றான். பிறகு, மெதுவாக, கணக்குப் போட்டு முடித்தவனைப் போல, "அப்ப பெரியவன்?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. போன் எங்கோ விழுந்தது. காலடிகள் ஓடின. கதவு. தம்பி மனைவியின் குரல், ஒரே ஒரு வார்த்தை, சின்னவளின் பெயர், திரும்பத் திரும்ப. அதற்குக் குழந்தையின் பதில் எதுவும் வரவில்லை.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் திரும்பினாள்.

இடது குழாய் சிவப்பு. விளிம்பு ஈரம். அது பழகிவிட்டது.

ச்சுப், ச்சுப். மூச்சு.

நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் இன்னொன்று. இதைவிடச் சின்னது. இதைவிட மெல்லியது. இப்போதுதான் கற்றுக்கொள்வது போல, தப்பித் தப்பி.

ச்சுப்.

போனிலிருந்து இல்லை.

அவள் கண் இரண்டாவது ஓட்டைக்குப் போனது. வலது குழாய். காலையிலிருந்து தெளிவாக நின்ற குழாய். அதன் காய்ந்த விளிம்பில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பக்கத்தில் மட்டும் ஈரம் படிந்தது. பிறகு சுற்றிலும்.

அந்த ஈர வளையத்திலிருந்து ஒரு சிவப்பு இழை தண்ணீருக்குள் இறங்க ஆரம்பித்தது.